கருவி இயங்கிய பின் தொடங்கும் பாடம்: அறிவியல் நகர் மாணவரும் முயற்சியாண்மையும்

வன்னியில் வயல் செய்யும் விவசாயி ஒருவரிடம் இருசில்லு உழவு இயந்திரத்தின் பெயரைக் கேட்டால், அது எந்த நாட்டுத் தயாரிப்பாக இருந்தாலும் ‘லான்ட்மாஸ்டர்’ என்றே பெரும்பாலும் விடை வரும். அது உண்மையில் ஒரு பழைய பிரித்தானிய வணிகப் பெயர். அப்பெயரில் உலகின் வெப்ப வலய நாடுகளில் விற்பனையான இருசில்லு உழவு இயந்திரத்தை 1950களில் உருவாக்கியவர் இலங்கைப் பொறியியலாளரான ரே விஜேவர்தன என்பதை நம்மில் அறிந்தவர் சிலரே. 1924ஆம் ஆண்டில் பிறந்து, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பயின்று, 2010இல் மறைந்த அவர், பிற்காலத்தில் தமது கண்டுபிடிப்பைத் தாமே கடுமையாக விமர்சித்தார். விவசாயத்தை மேம்படுத்துவதாக எண்ணி, எருமை மாட்டைத்தான் இயந்திரமாக்கிவிட்டோம் என்பது அவர் வெளிப்படையாக ஒப்புக்கொண்ட உண்மையாகும். எருமை எருவைத் தரும், பாலைத் தரும், கன்றையும் ஈனும். இயந்திரமோ எரிபொருளையும் உதிரிப்பாகத்தையும் கேட்கும்.

இவ்வொப்புதலில் இன்றைய பொறியியல் மாணவர்களுக்கு ஒரு பெரிய பாடம் அடங்கியுள்ளது. கருவி இயங்குகிறதா என்பது பொறியியலின் முதற் கேள்வி. அது யாருடைய எந்தச் சிக்கலைத் தீர்க்கின்றது, அதற்கு யார் விலை கொடுப்பார், பழுதுபட்டால் யார் திருத்துவார் என்பன அதற்கு அடுத்த கேள்விகள். இவற்றுக்கு விடை காணும் பயிற்சியையே முயற்சியாண்மைக் கல்வி என்கிறோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் பயிலும் மாணவர்கள் தமது செயற்றிட்டங்களை உருவாக்கும் காலத்திலேயே இப்பயிற்சியையும் பெறுவது ஏன் அவசியம், அது எவ்வாறு நடைபெற வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அறிவியல் நகரின் பின்னணி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டில் வளாகமாக ஆரம்பிக்கப்பட்டு, 1979இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. எனினும் அதற்கென ஒரு பொறியியற் பீடம் வேண்டும் என்ற கோரிக்கை பல தசாப்தங்களாக நிறைவேறாமலேயே இருந்தது. 1990ஆம் ஆண்டில் கிளிநொச்சியில் ஆரம்பிக்கப்பட்ட விவசாய பீடம் போரின் காரணமாக யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிவுற்றபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் கூரையுடன் எஞ்சிய கட்டடங்களைத் தேடித்தான் காணவேண்டியிருந்தது. அந்நிலையிலிருந்து ஐந்தாண்டுகள் கழிந்து, 2014ஆம் ஆண்டில், அறிவியல் நகரில் பொறியியற் பீடம் தனது முதலாவது மாணவர் அணியை வரவேற்றது. விவசாய பீடமும் மீண்டும் கிளிநொச்சிக்குத் திரும்பியது. இவ்விரு பீடங்களின் கட்டடங்களுக்கு இந்திய அரசாங்கம் உதவி வழங்கியமையும் குறிப்பிடத்தக்கது.

பின்னர் அதே சூழலில் தொழில்நுட்ப பீடம் தோன்றியது. ஜேர்மனிய அரசாங்கத்தின் உதவியுடன் அமைந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் 2016இல் அறிவியல் நகரிலேயே திறக்கப்பட்டது. மோட்டார் வாகனம், உணவு, கட்டுமானம் முதலிய துறைகளில் இளைஞர்கள் அங்கே தொழிற்பயிற்சி பெறுகின்றனர். ஏ9 வீதி வழியே தெற்கு நோக்கிச் சென்றால், வவுனியா பம்பைமடுவில், 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் முதலாந் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்த்தப்பட்ட வவுனியாப் பல்கலைக்கழகம் உள்ளது. வணிகக் கற்கைகளுக்கென அங்கே ஒரு பீடமே இயங்குகின்றது.

ஆகவே, கருவியை வடிவமைப்பவர், பயிரை அறிந்தவர், இரும்பை ஒட்டி இணைக்கத் தெரிந்தவர், கணக்கை எழுதத் தெரிந்தவர் ஆகிய நால்வகையினரும் வன்னியிலேயே கல்வி கற்கின்றனர். போருக்கு முன்னர் வன்னி இத்தகைய வாய்ப்பை ஒருபோதும் பெற்றிருக்கவில்லை. ஆயினும் ஒரே பிரதேசத்தில் இருப்பதனால் மாத்திரம் இந்நால்வரும் ஒருவரையொருவர் அறிந்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

கண்டுபிடிப்பு இம்மண்ணுக்குப் புதிதன்று

வடபகுதி மக்களுக்குப் புத்தாக்கத்தைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் எட்டாப் பொருளானபோது, சில துளி பெற்றோலை மாத்திரம் விட்டு இயந்திரத்தைக் கிளப்பி, பின்னர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் ஓட்டியவர்கள் நம்மவர்களே. மின்சாரமில்லாத வீடுகளில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டார்கள். வெறும் ஜாம் போத்தலில் சிறிது எண்ணெயும் திரியும் இட்டு, பிள்ளைகளைப் பரீட்சைக்குப் படிக்கவைத்தார்கள்.

ஆனால் அக்காலத்துக் கண்டுபிடிப்புகளில் எதுவும் ஒரு தொழிலாக வளரவில்லை. தடை நீங்கியதும் அவை மறைந்துபோயின. வேறு வழியின்மையே அவற்றைப் பிறப்பித்தது. ஆகவே வேறு வழி பிறந்ததும் அவற்றுக்கு வாழ்விருக்கவில்லை. கண்டுபிடிப்புக்கும் தொழிலுக்கும் இடையேயுள்ள வேறுபாட்டை இதனைவிடத் தெளிவாக எடுத்துக்காட்ட இயலாது. வாங்குபவருக்கு வேறு தெரிவுகள் இருக்கும்போதும் அவர் விரும்பித் தேர்ந்தெடுக்கும் ஒன்றே தொழிலாக நிலைக்கும்.

இதே 1990ஆம் ஆண்டின் ஒக்டோபர் மாதத்தில் வடமாகாணத்திலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டனர். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி முதலிய இடங்களின் மக்களும் வயல், தோட்டம், கடை ஆகியவற்றைக் கைவிட்டு வெறுங்கையுடன் புத்தளம் போன்ற இடங்களுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே அவர்கள் முதலின்றியே தொழில்களை மீண்டும் தொடங்கினார்கள். நாளாந்த வரவு செலவைக் கணித்து, நம்பிக்கையின் பேரில் கடன் பெற்று, ஒருவருக்கொருவர் தோள்கொடுத்து எழுந்த அவ்வனுபவம் எந்தப் பாடநூலிலும் இல்லை. இடம்பெயர்ந்து, மீள்குடியேறி, மூன்றாவது நான்காவது தடவையாக வாழ்வைத் தொடங்கிய வன்னித் தமிழ்க் குடும்பங்களின் அனுபவமும் அத்தகையதே. பல்கலைக்கழக முயற்சியாண்மை வகுப்புக்கு விரிவுரையாளராக அழைக்கத் தக்கவர்கள் இவ்விரு சமூகங்களிலும் நிறையவே உள்ளனர்.

களம் சென்று கேட்டல்

முயற்சியாண்மை என்றதும் வணிகத் திட்ட அறிக்கை எழுதுதல், வங்கிக் கடனுக்கு விண்ணப்பித்தல் என்றே பலர் எண்ணுகின்றனர். உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்கள் இன்று இவற்றை இரண்டாம் நிலைக்குத் தள்ளிவிட்டன. அமெரிக்காவில் ஸ்டீவ் பிளாங்க் என்பவர் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் நடத்திய பாடநெறியைப் பின்பற்றி, அந்நாட்டின் தேசிய விஞ்ஞான நிதியம் 2011இல் ஒரு பயிற்சித் திட்டத்தை ஆரம்பித்தது. ஆய்வுகூடத்தில் ஒன்றைக் கண்டறிந்த குழுவினர், அதனை வாங்கக்கூடியவர்களில் ஏறத்தாழ நூறு பேரையாவது சில வாரங்களுக்குள் நேரிற் சந்தித்துப் பேசவேண்டும் என்பதே அதன் அடிப்படை விதி. கருவியை விற்பது இச்சந்திப்பின் நோக்கமன்று. தமது ஊகம் சரியா பிழையா என அறிவதே நோக்கமாகும்.

இதற்கு ஓர் உதாரணம். ஸ்டான்போர்டில் 2007ஆம் ஆண்டு மாணவர் குழுவொன்றுக்கு, குறைமாதக் குழந்தைகளை வெப்பமாக வைத்திருக்கும் பெட்டியை மிகக் குறைந்த செலவில் வடிவமைக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. விலையுயர்ந்த பெட்டியிலிருந்து சில பாகங்களை நீக்கினால் போதும் என்றே எவரும் எண்ணியிருப்பர். அக்குழுவில் ஒருவர் நேபாளத்துக்குச் சென்று பார்த்தபோது, காத்மாண்டு வைத்தியசாலையில் நன்கொடையாகக் கிடைத்த பெட்டிகள் வெறுமையாகக் கிடந்தன. குழந்தைகள் கிராமங்களில் பிறந்து, வைத்தியசாலையை வந்தடையுமுன்னரே இறந்துகொண்டிருந்தன. பெட்டியின் விலையைக் குறைப்பதால் இதற்குத் தீர்வு கிட்டாது என்பதை அக்குழு உணர்ந்தது. அதன் விளைவாக, மின்சாரம் தொடர்ச்சியாக இல்லாத இடத்திலும் மெழுகு போன்றதொரு பொருளின் துணையால் 37 பாகை வெப்பத்தைச் சில மணித்தியாலங்களுக்குப் பேணும் சிறிய உறக்கப் பை உருவாயிற்று. ‘எம்பிரேஸ்’ என்ற பெயரில் அது பின்னர் ஒரு நிறுவனமாகி, பெங்களூரைத் தளமாகக் கொண்டு இயங்கத் தொடங்கியது. அந்த ஒரு பயணம் நடைபெற்றிராவிட்டால், எவருக்கும் பயன்படாத மலிவான பெட்டியொன்றே மிஞ்சியிருக்கும்.

அறிவியல் நகரின் மாணவருக்கு இதற்காக விமானம் ஏறவேண்டிய அவசியமில்லை. இருபதாயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட வயல்களுக்கு நீர் வழங்கும் இரணைமடுக் குளம் அருகிலேயே உள்ளது. வட்டக்கச்சி, விசுவமடுத் தோட்டங்கள், உவர்நீரால் வருந்தும் பூநகரிக் கிணறுகள், முல்லைத்தீவின் கரைவலைப் பாடுகள், யானைக்கு அஞ்சி இரவு விழித்திருக்கும் எல்லைக் கிராமங்கள், குடிநீரில் புளோரைட்டு கூடிய வவுனியாக் கிராமங்கள் யாவும் ஒருநாட் பயணத் தொலைவில் உள்ளன. மொழி அறியாத மாணவருக்கு மொழி அறிந்த மாணவர் துணை செய்யலாம். மூவினத்து மாணவரும் பயிலும் பீடத்தில் இது ஒரு மேலதிக நன்மையும்கூட.

ஒரு கருவியின் கணக்கு

விடயத்தை விளங்கிக்கொள்வதற்காக ஒரு கற்பனைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். மண்ணின் ஈரப்பதனை அளந்து, நீரிறைக்கும் இயந்திரத்தைத் தானாகவே இயக்கி நிறுத்தும் கருவி ஒன்றை இறுதியாண்டு மாணவர்கள் இருவர் செய்கின்றனர் எனக் கொள்க. அதன் பாகங்களுக்கு 20,000 ரூபா செலவாகின்றது. கண்காட்சியில் அதனைக் கண்டோர் பாராட்டுகின்றனர். 35,000 ரூபாவுக்கு விற்றால் ஒவ்வொன்றிலும் 15,000 ரூபா இலாபம் என மாணவர்கள் மகிழ்கின்றனர்.

இனி உண்மைக் கணக்கைப் பார்ப்போம். ஒரு கருவியைப் பொருத்திச் சேர்க்கும் கூலி 3,000 ரூபா. தோட்டத்துக்குக் கொண்டுசென்று பூட்டும் செலவு 2,000 ரூபா. பத்தில் ஒன்று பழுதடைந்து, உத்தரவாதத்தின்படி புதியது கொடுக்கவேண்டி வந்தால், அதன் 25,000 ரூபாச் செலவு பத்துக் கருவிகளின் மீதும் பகிரப்பட்டு ஒவ்வொன்றிலும் 2,500 ரூபா ஏறும். இப்போது அடக்கவிலை 27,500 ரூபா. எஞ்சுவது 7,500 ரூபா மாத்திரமே. சிறு பட்டறையின் வாடகை, மின்சாரம், ஒருவரின் படி என மாதம் 50,000 ரூபா தேவைப்பட்டால் ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா. மாணவர்கள் முதலில் எண்ணியபடி 40 கருவிகளை விற்றால் போதாது. 80 கருவிகளை விற்ற பின்னரே நட்டமின்றித் தலை நிமிரலாம்.

அடுத்தது விவசாயியின் பக்கக் கணக்கு. காலபோகம், சிறுபோகம் இரண்டிலும் சேர்த்து ஆண்டுக்கு 12,000 ரூபா எரிபொருள் மிச்சமாகும் எனில், 35,000 ரூபாவை மீட்க ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் செல்லும். சொந்தத் தோட்டம் உள்ளவர் ஒருவேளை வாங்குவார். ஆண்டுக் குத்தகைக்குத் தோட்டம் செய்பவர் வாங்கமாட்டார். வாங்க விரும்புபவரின் கையிலும் அறுவடை முடிந்த பின்னரே பணம் புழங்கும். எனவே எந்த மாதத்தில் விற்பது, பணத்தை எப்போது பெறுவது என்பனவும் வடிவமைப்பின் பகுதியாகிவிடுகின்றன.

இக்கணக்கு பொறியியலையே மாற்றியமைக்கும் என்பதுதான் முக்கியமானது. மலிவான ஈரப்பத உணரிகளில் வெளியே தெரியும் உலோகத் தகடுகள், ஈரமண்ணில் மின்னோட்டத்தினால் சில வாரங்களிலோ மாதங்களிலோ அரித்துப்போகும். மண்ணுடன் உலோகம் நேரடியாகத் தொடர்புறாத கொள்ளளவ வகை உணரி விலை சற்றுக் கூடியது. ஆனால் நீண்டகாலம் உழைக்கும். பாகங்களின் விலையை மாத்திரம் பார்க்கும் மாணவர் முதலாவதைத் தெரிவார். உத்தரவாதச் செலவையும் பார்ப்பவர் இரண்டாவதைத் தெரிவார். கணக்கு அறிந்தவரே சிறந்த பொறியியலாளராகவும் ஆகின்றார் என்பதற்கு இது ஒரு சான்று.

பொருளை விற்பதா, சேவையை விற்பதா?

சில கருவிகளை விவசாயி வாங்கவேண்டிய தேவையே இல்லை. வன்னியில் அறுவடை இயந்திரத்தைச் சொந்தமாக வைத்திருப்போர் மிகச் சிலர். ஆனால் ஏக்கருக்கு இவ்வளவு என வாடகை கொடுத்து அறுவடை செய்விப்போர் ஏராளம். நெல்லைக் காயவைக்கும் கருவியை ஒரு மாணவர் குழு உருவாக்கினால், அதற்கும் இவ்வழி பொருந்தும். நெற் சந்தைப்படுத்தும் சபை 14 வீத ஈரப்பதனுள்ள நெல்லையே ஏற்கின்றது. அறுவடைக் காலத்தில் மழை குறுக்கிட்டால், வீதியோரத்தில் நெல்லைப் பரப்பிக் காவலிருக்கும் விவசாயி, ஈர நெல்லையே கிடைத்த விலைக்கு வியாபாரியிடம் கொடுத்துவிடுகின்றார். மூட்டைக்கு இவ்வளவு என்ற கட்டணத்தில் காயவைத்துக் கொடுக்கும் ஒரு சேவை, கமக்காரர் அமைப்பு ஒன்றின் ஊடாக இயங்குமானால், இலட்சக்கணக்கில் விலையுள்ள இயந்திரத்தை எவரும் தனியாக வாங்கவேண்டியதில்லை.

இதே சிந்தனை தென்னிலங்கையில் பெருநிறுவனம் ஒன்றையே உருவாக்கியுள்ளது. ஜிஃப்ரி சுல்பர் நிறுவிய ‘பிக்மீ’ 2015ஆம் ஆண்டில் சேவையைத் தொடங்கியபோது முச்சக்கர வண்டிகளை வாங்கிக் குவிக்கவில்லை. வண்டி வைத்திருப்பவரையும் பயணம் செய்ய விரும்புபவரையும் கைத்தொலைபேசி மூலம் இணைத்தது. அந்நிறுவனம் 2024இல் கொழும்புப் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றது. ஏற்கனவே இருப்பவற்றை இணைப்பதும் புத்தாக்கமே என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டாகும்.

கடனா, பங்கா?

மாணவர் முயற்சிகளைப் பற்றிப் பேசும்போது மிகுந்த கவனம் செலுத்தவேண்டிய விடயம் பணம். போருக்குப் பின்னர் வன்னிக் கிராமங்களில் நுண்கடன் ஏற்படுத்திய துயரம் நாம் அறிந்ததே. வறட்சியினால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களில் பெண்கள் பெற்ற நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டமொன்றை 2018இல் அரசாங்கமே அறிவிக்க நேர்ந்தது. வருமானம் நிச்சயமற்ற புதிய முயற்சிக்கு வாராந்தத் தவணைக் கடன் எவ்வகையிலும் பொருத்தமானதன்று. முதலாவது ஆண்டில் வருமானமே வராத முயற்சி, முதல் வாரத்திலிருந்தே எப்படித் தவணை கட்டும்?

இவ்விடத்தில் முஸ்லிம் வாசகர்கள் நன்கறிந்த முறாபாஹா, முதாரபா, முஷாரகா ஆகிய நிதிமுறைகளுள் பின்னைய இரண்டும் கவனத்துக்குரியன. முதாரபா முறையில் ஒருவர் முதலையும் மற்றவர் உழைப்பையும் திறமையையும் வழங்குகின்றனர். இலாபம் முன்னரே இணங்கிய விகிதப்படி பகிரப்படும். உழைப்பவரின் கவனயீனமோ நம்பிக்கை மீறலோ இன்றி நட்டம் நேர்ந்தால், முதலிட்டவர் முதலை இழப்பார், உழைத்தவர் உழைப்பை இழப்பார். முஷாரகாவில் பங்காளிகள் அனைவரும் முதலிடுவர். நட்டம் அவரவர் முதலின் அளவுக்கேற்பப் பகிரப்படும். இன்றைய உலகில் புதிய தொழில்நுட்ப முயற்சிகளுக்கு வழங்கப்படும் பங்கு முதலீடும் சாராம்சத்தில் இதனை ஒத்ததே. இலங்கையில் 2011இலிருந்து அமானா வங்கி இஸ்லாமிய முறையிலான முழுமையான வங்கிச் சேவையை வழங்கி வருகின்றது. வட்டியை மார்க்க ரீதியாகத் தவிர்க்கும் மாணவருக்கு மாத்திரமன்றி, கடனுக்கு அஞ்சும் தமிழ் மாணவருக்கும் இப்பங்காளி முறை ஏற்றது. புலம்பெயர்ந்து வாழும் நம்மவர்கள் ஊருக்கு அனுப்பும் உதவியில் ஒரு பகுதியை இத்தகைய பங்கு முதலாக அமைப்பது குறித்தும் சிந்திக்கலாம்.

உரிமையைக் காத்தல்

மாணவரின் கருவி யாருக்குச் சொந்தம்? பல செயற்றிட்டங்களில் இக்கேள்வி கடைசி நாள்வரை கேட்கப்படுவதே இல்லை. கருவியைச் செய்த மாணவர்கள், வழிகாட்டிய விரிவுரையாளர், ஆய்வுகூடத்தை வழங்கிய பல்கலைக்கழகம், பணம் கொடுத்த நிறுவனம் என நால்வருக்கும் அதில் பங்கு இருக்கக்கூடும். இதனை முதல் நாளிலேயே எழுத்தில் தீர்மானித்துக்கொள்வது நட்பைக் கெடுக்காது, காக்கும்.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ், தேசிய புலமைச் சொத்து அலுவலகம் புதிய கண்டுபிடிப்புகளுக்கு ஆக்கவுரிமை வழங்குகின்றது. அதன் ஆயுட்காலம் 20 ஆண்டுகள். கண்டுபிடிப்பு உலகுக்கே புதியதாக இருத்தல் வேண்டும். இங்கேதான் மாணவர்கள் தவறிழைக்கின்றனர். கண்காட்சியிலும் முகநூலிலும் கருவியின் உட்கூறுகளை எல்லாம் விளக்கிவிட்டுப் பின்னர் விண்ணப்பிக்க எண்ணுகின்றனர். கண்டுபிடித்தவரே வெளிப்படுத்தியிருந்தால் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க நமது சட்டம் இடமளிக்கின்றது. ஆனால் பல வெளிநாடுகளில் இச்சலுகை இல்லை. எனவே முதலில் விண்ணப்பம், அதன் பின்னரே மேடை என்பதை வழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். கணினி மென்பொருளுக்கு ஆக்கவுரிமைக்குப் பதிலாகப் பதிப்புரிமையின் வழியே பாதுகாப்புக் கிடைக்கின்றது. வெறும் வணிக முறைகளுக்கு ஆக்கவுரிமை இல்லை என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் நன்று.

தனித்து முடியாது

புதிய முயற்சிகளில் வெற்றி பெற்றவர்களின் வரலாறு பெரும்பாலும் கூட்டாளிகளின் வரலாறே. 2017ஆம் ஆண்டில் ஸ்ரீநாத் ரவிச்சந்திரன், மொயின் ஆகிய இருவரும், சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் பேராசிரியர் சத்தியநாராயணன் சக்கரவர்த்தியுடன் இணைந்து ‘அக்னிகுல்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினர். முப்பரிமாண அச்சு முறையில் ஒரே துண்டாக வார்த்தெடுத்த இயந்திரத்தைக் கொண்ட அவர்களின் ரொக்கெட், 2024 மே 30ஆம் திகதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பரீட்சார்த்தமாக ஏவப்பட்டது. பல்கலைக்கழக ஆய்வுகூடமும் வெளியிலிருந்து வந்த துணிவும் கைகோத்ததால் கிடைத்த பயன் இது. வெறும் ஏழாண்டுகளில் இது நிகழ்ந்தது என்று வியப்போர், அதற்குப் பின்னால் இருந்த பல தசாப்தக் கால ஆய்வுகூட உழைப்பையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

வடபகுதியிலும் தொடக்கங்கள் இல்லாமலில்லை. ‘யாழ் ஐ.ரி. ஹப்’ என்ற தன்னார்வ அமைப்பு 2012ஆம் ஆண்டளவிலிருந்து நடத்திவரும் போட்டிகள், மாணவர் குழுக்களுக்குத் துறைசார் வழிகாட்டிகளைப் பெற்றுக்கொடுத்துள்ளன. உலக வங்கியின் நிதியுதவியுடன் 2017இல் தொடங்கிய உயர்கல்வி மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ், பல்கலைக்கழகங்களில் தொழிற்றுறை இணைப்புக்கான பிரிவுகளும் அமைக்கப்பட்டன. இலங்கைப் பொறியியலாளர் நிறுவகம் 2014இல் வாஷிங்டன் உடன்படிக்கையில் முழு உறுப்பினரானது. பொறியியற் பட்டதாரிக்குச் செயற்றிட்ட முகாமைத்துவமும் நிதி அறிவும் இருத்தல் வேண்டும் என்பது அவ்வுடன்படிக்கையின் எதிர்பார்ப்புகளில் ஒன்றாகும். எனவே முயற்சியாண்மைக் கல்வி பாடத்திட்டத்துக்குப் புறம்பான பொழுதுபோக்கு அன்று.

நேர்மையான ஐயங்கள்

இதற்கு மாறான கருத்துகளையும் புறக்கணித்தல் ஆகாது. அரசு வேலைவாய்ப்பை உருவாக்கத் தவறிவிட்டு, அப்பொறுப்பை இளைஞரின் தோளில் ஏற்றுவதற்கு முயற்சியாண்மை என்ற சொல் பயன்படுகின்றது என்போர் உளர். அதில் உண்மை உண்டு. தந்தையைப் போரில் இழந்து, தாயின் உழைப்பில் பட்டம் பெறும் ஒரு மாணவியிடம், வேலைக்குச் செல்லாதே, துணிந்து தொழில் தொடங்கு என்று உபதேசிக்க நமக்கு என்ன உரிமை இருக்கின்றது? அவள் முதலில் வீட்டுக்குச் சம்பளம் கொண்டுவர வேண்டியவள். 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் நாட்டைவிட்டுச் செல்லும் பொறியியலாளர்களைக் குறை கூறுவதும் நியாயமன்று.

ஆனால் முயற்சியாண்மையைக் கற்பதும் உடனே தொழில் தொடங்குவதும் ஒன்றல்ல. பட்டறையில் கணக்குப் பார்க்கவும், களத்தில் கேட்கவும், ஒப்பந்தம் எழுதவும் கற்றவர், அரச திணைக்களத்திலோ வெளிநாட்டு நிறுவனத்திலோ பணியாற்றினாலும் அவ்வறிவு அவருக்குத் துணை நிற்கும். பத்தாண்டுகள் கழிந்து, கையில் சிறிது முதலுடன் ஊருக்குத் திரும்பும்போதும் அது துணை நிற்கும். தோல்வியின் விலை மிகக் குறைவாக இருக்கும் காலம் மாணவப் பருவமே. செயற்றிட்டமாகச் செய்த கருவி சந்தைக்கு ஒவ்வாது என்று கண்டறிந்தால், இழப்பு ஓர் அறிக்கையும் சில மாதங்களுமே. கடன்பட்டுத் தொடங்கிய தொழில் அவ்வாறு முடிந்தால் இழப்பு ஒரு குடும்பத்தினுடையது.

செய்யத்தக்கவை சில

பெருந்தொகை நிதியின்றியே இப்போதே செய்யக்கூடியவை உள்ளன. இறுதியாண்டுச் செயற்றிட்டத்தின் தலைப்பை முடிவு செய்யுமுன், குறைந்தது முப்பது விவசாயிகள், மீனவர்கள் அல்லது பட்டறை உரிமையாளர்களைச் சந்தித்ததற்கான குறிப்பேட்டைச் சமர்ப்பிக்கக் கோரலாம். பொறியியல், விவசாயம், வணிகம் ஆகிய துறைகளின் மாணவர்களும் பயிற்சி நிறுவகத்தின் இளைஞர்களும் கலந்த குழுக்களுக்கு முன்னுரிமை வழங்கலாம். சந்தைக்கு ஒவ்வாது எனத் தக்க ஆதாரத்துடன் நிறுவும் அறிக்கைக்கும், வெற்றி பெற்ற கருவிக்குரிய அதே புள்ளிகளை வழங்கலாம். ஒவ்வோர் ஆண்டும் பழைய செயற்றிட்டங்களின் பட்டியலைப் பிரதேச செயலகங்களுக்கும் கமக்காரர் அமைப்புகளுக்கும் மீனவர் சங்கங்களுக்கும் பள்ளிவாசல் நிர்வாக சபைகளுக்கும் ஆலய பரிபாலன சபைகளுக்கும் தமிழில் அனுப்பி வைக்கலாம். நூலக அலுமாரியில் தூசு படியும் அறிக்கைகளில் எவருக்கோ வேண்டியது ஒன்று இருக்கக்கூடும்.

ரே விஜேவர்தன தமது கேள்வியை இயந்திரம் உலகெங்கும் விற்பனையான பின்னரே கேட்டார். அதனால் அவர் சிறுமையடையவில்லை. தம் தவறைத் தாமே எடுத்துரைத்தமையால் மதிப்புப் பெற்றார். அறிவியல் நகரின் மாணவருக்கோ அக்கேள்வியை முதலாவது வரைபடத்தைக் கீறும்போதே கேட்கும் வாய்ப்பு இருக்கின்றது. விடை சொல்லவேண்டியவர்கள் விரிவுரை மண்டபத்தில் இல்லை. ஏ9 வீதிக்கு அப்பால், வரம்பிலும் வாடியிலும் பட்டறையிலும் இருக்கின்றார்கள். அவர்களைத் தேடிச் செல்லும் மாணவரை வரவேற்று, இருக்கை கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொல்வது அவர்களின் பங்கு. அதாவது, நம் அனைவரின் பங்கு.